வெள்ளிக்கிழமை அறிவிப்பு, சனிக்கிழமை கூட்டம்: 2020-இல் தமிழ்நாடு அரசு மக்களோடு பேசிய விதம்

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. அன்றுவரை தமிழ்நாட்டில் கொரோனா தொற்று உறுதியானவர்கள் 1,755 பேர். நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. காலை 6 முதல் மதியம் 1 வரை மளிகை, காய்கறிக் கடைகள் திறந்திருக்கும், அதற்குப் பிறகு தெரு அடங்கிவிடும் என்ற ஒழுங்குக்கு ஊர் மெல்லப் பழகியிருந்தது. அன்றைக்கு முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் அறிக்கை வந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிப் பகுதிகளில் ஞாயிறு காலை 6 மணி முதல் புதன் இரவு 9 மணி வரை முழு ஊரடங்கு. சேலத்துக்கும் திருப்பூருக்கும் செவ்வாய் இரவு வரை. மளிகைக் கடைகள்கூடத் திறக்காது.

இடையில் இருந்தது சனிக்கிழமை மட்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை சென்னையில் இருந்தவர்களுக்கு அது மறந்திருக்காது. எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடை முன்னால் சுண்ணாம்பில் போட்டிருந்த வட்டங்களுக்குள் ஒரு மாதமாக ஒவ்வொருவராக நின்று வாங்கிய அதே ஆட்கள், அன்று வட்டத்தையும் மீறித் தோளோடு தோள் உரச நின்றார்கள். கோயம்பேடு சந்தையில் அதைப் போலப் பல மடங்கு கூட்டம். கூட்டத்தைப் பார்த்த அரசு, அன்று மட்டும் கடைகள் மதியம் 3 மணி வரை இயங்கலாம் என்று அவசரமாக நேரத்தை நீட்டித்தது. தொலைக்காட்சியில் அந்தக் காட்சிகள் ஓடியபோது, மக்களுக்குப் பொறுப்பில்லை என்ற பேச்சும் கூடவே ஓடியது.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தப் பேச்சுதான். அன்று கடைக்குப் போனவர்கள் அரசு சொன்னதைக் கேட்டவர்கள், நம்பியவர்கள். நான்கு நாள் வீட்டை விட்டு வெளியே வராதே என்று சொன்னார்கள், வராமல் இருக்கத் தேவையான அரிசியும் பருப்பும் வாங்கப் போனார்கள். செய்தி போய்ச் சேர்ந்தது, மக்கள் கீழ்ப்படிந்தார்கள், கூட்டமும் கூடியது. அப்படியென்றால் கோளாறு செய்தியில் இருக்கிறது. அது எந்த இடத்தில் என்று பார்க்க, அதற்கு முந்தைய ஏழு வாரங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆரம்ப வாரங்கள்

தமிழ்நாட்டின் முதல் தொற்று மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டது. ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர். அப்போது சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரே ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ட்விட்டரில் எழுதிவந்தார். வயது, எங்கிருந்து வந்தார், எந்த மருத்துவமனை, உடல்நிலை எப்படி என்று எல்லாம் வந்துவிடும். மார்ச் 25 அதிகாலை மதுரையில் முதல் மரணம் நிகழ்ந்ததும் அப்படித்தான் தெரியவந்தது. பிறகு மாதக் கடைசியில் தினசரிச் சந்திப்பு சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் கைக்கு வந்தது. மாலையானால் டிவி முன்னால் உட்கார்ந்து அன்றைய எண்ணிக்கையைக் கேட்பது வீட்டுக்கு வீடு வழக்கமானது. அவர் பதற்றமில்லாமல் பேசினார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பயந்துகொண்டிருந்த மக்களுக்கு அந்த நிதானம் தேவையாக இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

செய்திக்குறிப்பும் விரிவானதுதான். மாவட்டவாரியாக எத்தனை, பரிசோதனை எத்தனை, குணமானவர் எத்தனை, இறந்த ஒவ்வொருவரின் வயது, சேர்ந்த நாள், இணை நோய்கள் வரை அட்டவணை இருக்கும். ஆனால் தினமும் அதைப் படித்த எனக்கு ஒரு குறை தெரிந்துகொண்டே இருந்தது. நாளைக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்காது. தொற்று எத்தனை பேருக்கு என்று தெரியும், எந்தச் சூழ்நிலையில் பரவியது என்று தெரியாது. மூடிய அறையிலா, சந்தையிலா, ஒரே வீட்டுக்குள்ளா? எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டவன் அதை வைத்துக்கொண்டு செய்ய எதுவும் இருக்கவில்லை, பயப்படுவதைத் தவிர.

"விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு" என்ற வாசகம் சுவர், டிவி, ரேடியோ என எல்லா இடத்திலும் இருந்தது. மோனை அழகாக விழுந்த வாசகம், குழந்தைகள்கூடச் சொன்னார்கள். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் விலகியிருப்பது எப்படி, தினக்கூலிக்காரர் வீட்டிலிருந்தால் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்விகளுக்கு அந்த மூன்று சொற்களில் இடமில்லை. இடம் தர வேண்டியது அதற்கடுத்து வரும் விளக்கம். அந்த விளக்கம் வரவேயில்லை என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் நன்றாகவே வந்தது.

வேளச்சேரியில் ஒரு பெரிய வணிக வளாகக் கடையில் வேலை பார்த்த பெண்ணுக்குத் தொற்று உறுதியானபோது, மார்ச் 10 முதல் 17 வரை அந்தக் கடைக்கு வந்தவர்கள் தங்கள் உடல்நிலையைக் கவனித்துக்கொள்ள வேண்டும், அறிகுறி இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று சென்னை மாநகராட்சி அறிவித்தது. இடம், தேதி, செய்ய வேண்டியது மூன்றும் அதில் இருந்தன. போகாதவர் நிம்மதியாக இருக்கலாம், போனவர் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளலாம். இதைத்தான் நல்ல அறிவிப்பு என்கிறேன்.

ரேஷன் கடைக்குத் தெரிந்த வித்தை

ஏப்ரல் முதல் வாரத்தில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 1,000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். கோடிக்கணக்கான அட்டைகள். எல்லோரும் ஒரே நாளில் கடைக்கு வந்தால் என்ன ஆகும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நாளும் நேரமும் எழுதிய டோக்கன் வீடு தேடி வந்தது. இன்ன நாள், இன்ன நேரம், உங்கள் அட்டைக்கு. எல்லாக் கடையிலும் ஒழுங்காக நடந்ததென்று சொல்ல முடியாது, பணத்தை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கும்படி பின்னால் மாற்றவும் வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த டோக்கனில் இருந்த சிந்தனை சரியானது. பொருள் உங்களுக்கு உண்டு, தீர்ந்துபோகாது, முண்டியடிக்க வேண்டாம் என்று அந்தச் சின்னக் காகிதம் சொல்லிவிட்டது.

பொங்கல் பரிசுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் வரிசை கட்டிப் பழகிய துறை அது. கூட்டம் எப்படி உருவாகும் என்று அதற்குத் தெரியும். தனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் மனிதன் முந்துகிறான். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் பாதிப் பேர் நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள்.

ஏப்ரல் 2-இல் இதை அறிந்திருந்த அதே அரசு, ஏப்ரல் 24-இல் அதை மறந்ததுதான் இந்த நிகழ்வின் மையம்.

அந்த அறிக்கையில் என்ன இருந்தது

முழு ஊரடங்கு அறிக்கையை இப்போது நிதானமாகப் பார்த்தால் சில நல்ல விஷயங்களும் கண்ணில் படும். மருத்துவமனைகள், மருந்துக் கடைகள், அம்மா உணவகங்கள் இயங்கும். நடமாடும் காய்கறி வண்டிகள் வரும். கோயம்பேடு போன்ற மொத்தச் சந்தைகள் கட்டுப்பாட்டோடு செயல்படும். ஆக, நான்கு நாளும் காய்கறி கிடைக்க வழி இருந்தது. ஆனால் அது பட்டியலின் உள்ளே ஒரு வரியாக இருந்தது. டிவியின் அடியில் ஓடிய வரியில் இருந்தது "முழு ஊரடங்கு, எல்லாக் கடையும் மூடல்" என்பது மட்டும்.

வாட்ஸாப்பில் செய்தி பரவும் விதத்தை அறிந்த எவரும் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். நாற்பது வரி அறிக்கையில் மக்கள் கைமாற்றிக்கொள்வது ஒரு வரி. அந்த ஒரு வரியை அரசே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். "உங்கள் தெருவுக்குக் காய்கறி வண்டி வரும், நாளைக்குக் கடைக்கு ஓட வேண்டாம்" என்பது முதல் வரியாக இருந்து, ஊரடங்கு இரண்டாம் வரியாக இருந்திருந்தால், சனிக்கிழமை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நம்புகிறேன். வண்டி எந்தெந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லியிருந்தால் இன்னும் நன்று. அதற்கு வண்டிகளை முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு அறிவிக்க வேண்டும். இங்கே அறிவிப்பு முந்திக்கொண்டது.

மக்களின் நினைவில் இன்னொன்றும் இருந்தது. மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தோன்றி, நள்ளிரவு 12 மணி முதல் நாடே மூடப்படும் என்றார். நான்கு மணி நேரம். அன்று வாங்காமல் விட்டவர்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஏப்ரல் நடுவில், இன்னும் இரண்டு மூன்று நாளில் புதிய தொற்று பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையை முதலமைச்சர் வெளியிட்டார். ஆறுதலுக்காகச் சொன்னதாகவே இருக்கட்டும். பத்து நாளைக்குள் அதே அரசு, முன்னைவிடக் கடுமையாக நகரத்தை மூடுகிறது என்றால் கேட்பவர் என்ன நினைப்பார்? நமக்குச் சொல்லாத ஏதோ ஒன்று நடக்கிறது என்றுதான். நான்கு நாள் என்று சொல்கிறார்கள், நாற்பது நாளாக நீண்டால்? வீட்டில் கைக்குழந்தை இருக்கிற தாய், ஒரு பால் பவுடர் டப்பாவுக்குப் பதில் மூன்று வாங்குவாள். அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

நான்கு நாள் முடிந்தபிறகு, ஏப்ரல் 30 அன்று மட்டும் கடைகளை மாலை 5 மணி வரை திறக்க விட்டார்கள். மீண்டும் ஒரே நேரத்தில் எல்லோரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக. சனிக்கிழமை கற்றுக்கொடுத்த பாடம் அது.

கோயம்பேடு

1996-இல் திறக்கப்பட்ட கோயம்பேடு சந்தை 295 ஏக்கர். காய், கனி, பூ என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். சென்னையின் வயிறு அங்கேதான் நிறைகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் அங்கே தொற்று தெரிய ஆரம்பித்தது. சனிக்கிழமைக் கூட்டம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நாள்கணக்கைப் பார்த்தால் அதற்கு முன்பே நோய் சந்தைக்குள் வந்திருக்க வேண்டும். ஆனால் நோய் ஏற்கெனவே இருந்த ஓர் இடத்துக்குள் ஒரே காலையில் பெருங்கூட்டத்தை அனுப்பிவிட்டோம் என்பது உண்மை.

சந்தையை வேறிடத்துக்குப் பிரித்து மாற்றலாம் என்று அதிகாரிகள் கேட்டதும், வியாபாரிகள் தயங்கியதும் பின்னாளில் பெரிய சர்ச்சையானது. முதலமைச்சர் வியாபாரிகள் ஒத்துழைக்கவில்லை என்றார், வியாபாரிகள் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். அந்த வழக்குக்குள் போக விரும்பவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் அரசுக்கும் சங்கத் தலைவர்களுக்கும் இடையில் நடந்தது என்பதுதான். சந்தையில் மூட்டை சுமந்தவர்கள், லாரியிலிருந்து இறக்கியவர்கள், கடை வாசலிலேயே படுத்து எழுந்தவர்கள் எந்தப் பேச்சிலும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள்.

மே 5-இல் சந்தை மூடப்பட்டது. வேலையும் போய், படுக்க இடமும் போன பிறகு ஒருவர் எங்கே போவார்? ஊருக்குத்தான். பலர் அதற்கு முன்பே கிடைத்த காய்கறி லாரியில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். மே 4 அன்று மட்டும் கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கோயம்பேட்டோடு தொடர்புள்ளவர்கள். அன்றைய மாநில எண்ணிக்கை 527. அதற்குப் பத்து நாள் முன்னால் இதே எண்ணிக்கை 72 ஆக இருந்தது. மாவட்ட நிர்வாகங்கள் தண்டோரா போட்டும் ஊராட்சிகள் மூலமாகவும் ஆட்களைத் தேட வேண்டியதாயிற்று. பள்ளிகளையும் கல்லூரிகளையும் தனிமை முகாம்களாக்கினார்கள்.

அந்த லோடுமேன்களிடம், "இங்கேயே இருங்கள், சாப்பாடும் படுக்க இடமும் தருகிறோம், எல்லோரையும் பரிசோதிக்கிறோம், கூலிக்கு ஈடாக இவ்வளவு தருகிறோம்" என்று சந்தைக்குள்ளேயே ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க முடியும். சொல்வதற்கு முதலில் அந்த ஏற்பாடு இருக்க வேண்டும். மக்கள் தொடர்பு என்று தனியாக ஒன்று இல்லை, ஏற்பாடு இருந்தால்தான் சொல்ல வார்த்தை இருக்கும் என்பதை எனக்குப் புரியவைத்தது கோயம்பேடுதான். சந்தை பிறகு திருமழிசைக்குப் போனது. கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் மறுபடி தொடங்கியது செப்டம்பர் 28-இல்.

இதே மே மாதத்தில் டாஸ்மாக் கடைகள் கதை ஒன்று உண்டு. மே 7 அன்று சென்னை தவிர்த்த பகுதிகளில் திறந்தார்கள், கூட்டம் அலைமோதியது, மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றத் தடைக்குப் பிறகு மே 16-இல் மீண்டும் திறந்தபோது, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறத்தில் டோக்கன், ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு 500 பேர் என்று வரையறுத்திருந்தார்கள். டோக்கன் முறை அரசின் கையில் எப்போதும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மதுக்கடைக்கு ஒன்பது நாளில் வந்த யோசனை மளிகைக் கடைக்கு வராமல் போனது வேதனை.

பெயர் வைப்பதால் வரும் வினை

சற்றுப் பின்னால் போக வேண்டும். மார்ச் 31 மாலைச் சந்திப்பில், அன்று உறுதியான தொற்றுகளில் பெரும்பாலானவை டெல்லியில் தப்லீக் ஜமாத் என்ற இஸ்லாமிய அமைப்பு நடத்திய மாநாட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு என்று சொல்லப்பட்டது. மறுநாள் 110 பேர், அனைவரும் அந்த மாநாட்டோடு தொடர்புடையவர்கள். போய்வந்தவர்கள் தாமாக முன்வர வேண்டும் என்று செயலாளர் வேண்டினார், பெரும் எண்ணிக்கையில் அவர்கள் வந்தார்கள். வந்ததற்கு நன்றியும் சொன்னார். இதுவரை முறையாகத்தான் நடந்தது. தொற்று ஓர் இடத்தில் திரண்டிருந்தால் அந்த இடத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அதன்பிறகு நாள்தோறும், இன்று இத்தனை பேர், அதில் மாநாட்டுக்காரர்கள் இத்தனை பேர் என்ற வரி தொடர்ந்தது. அவர்களைத்தான் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள், எனவே அவர்களிடம்தான் தொற்று அதிகம் தெரிந்தது. இந்த ஒரு வாக்கியத்தை எண்ணிக்கையோடு சேர்த்துத் தினமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால், ஒரு சமூகமே நோயைப் பரப்புகிறது என்ற நச்சுப் பேச்சு தெருவுக்கு வந்தது. முஸ்லிம் காய்கறிக்காரரிடம் வாங்காதே என்று வாட்ஸாப் செய்தி சுற்றியது. நோய்க்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று முதலமைச்சர் வேண்டுகோள் விடுத்தார், தலைமைச் செயலாளர் சண்முகம் மதத் தலைவர்களைக் கூட்டிப் பேசினார். செய்திக்குறிப்பில் மாநாட்டின் பெயர் போய், "சிங்கிள் சோர்ஸ்", அதாவது ஒரே மூலம், என்று வந்தது. பெயரை எடுத்தார்களே ஒழிய அந்தக் கணக்கை எடுக்கவில்லை. சிங்கிள் சோர்ஸ் என்றால் யாரென்று அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

பயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஏப்ரல் 19 இரவு காட்டியது. கொரோனாவால் இறந்த சென்னை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காயம்பட்டு ஓட, அவருடைய சக மருத்துவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது, அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. சட்டம் தேவைதான். ஆனால் இறந்தவரின் உடலை உரிய முறையில் புதைத்தால் அக்கம்பக்கத்துக்கு ஆபத்தில்லை என்பதை அதற்கு முன்பே, முதல் மரணம் நிகழ்ந்த மார்ச் மாதமே, அந்தந்தப் பகுதி மக்களிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். தினமும் எண்ணிக்கை சொன்ன மேடையில் இதற்கு ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் போதும்.

444

ஜூன் முதல் பாதியில் வேறொரு சிக்கல் வெடித்தது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருக்கும் கொரோனா மரணங்கள், மாநில அரசு சொல்லும் சென்னைக் கணக்கைவிட இருநூறுக்கும் மேல் அதிகம் என்று செய்தி வந்தது. மருத்துவமனையிலிருந்து மாநகராட்சிக்குப் போன தகவல் சுகாதாரத் துறைக்குப் போய்ச் சேரவில்லை. எதையும் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியாது என்று அரசு சொன்னது. கணக்கைச் சரிபார்க்க ஒரு குழு போட்டார்கள். ஜூன் 12-இல் செயலாளர் மாற்றப்பட்டு ராதாகிருஷ்ணன் மீண்டும் அந்தப் பொறுப்புக்கு வந்தார். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஆட்சியராக இருந்தவர், மக்களுக்குத் தெரிந்த முகம்.

ஜூலை 22 செய்திக்குறிப்பில் அன்றைய மரணம் 74, அத்துடன் மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை விடுபட்டுப்போன 444 மரணங்கள். மொத்தம் ஒரே நாளில் 2,626-இலிருந்து 3,144-க்குப் போனது.

இதை நான் இரண்டு விதமாகவும் பார்க்கிறேன். தவறைத் தேடிக் கண்டுபிடித்து எண்ணோடு வெளியிட்டது நல்ல செயல். அப்போது பல மாநிலங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனால் ஆறு வாரம் என்பது நீண்ட காலம். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு மாலையும் அந்த எண்ணிக்கையை மட்டுமே அரசு மக்களுக்குக் கொடுத்துவந்தது. மக்கள் அரசை நம்பியதும் அதை வைத்துத்தான். வேறு வகையில் பேசிப் பழகியிருந்தால், கணக்கில் பிழை வந்தாலும் அந்த உறவு தாங்கியிருக்கும். கணக்கு மட்டுமே உறவாக இருந்ததால், கணக்கு தவறியதும் மாலைச் செய்தியை யாரும் முன்போல உட்கார்ந்து கேட்கவில்லை. எங்கள் வீட்டிலேயே அந்த வழக்கம் ஜூனோடு நின்றுபோனது. சமூகப் பரவல் இல்லை என்று கோடைக்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதோடு சேர்ந்துகொண்டது. ஜூன் முடிவில் மாநிலத்தில் 90,000-க்கு மேல் தொற்று. தெருவுக்குத் தெரு நோயாளி இருக்கும்போது, இது சமூகப் பரவலா இல்லையா என்ற சொல் விவாதத்தில் மக்களுக்கு என்ன கிடைக்கும்?

இரண்டாம் முறை, மூன்றாம் முறை

அப்புறம் ஜூன் 15. சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளில் 19 முதல் 30 வரை மறுபடியும் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு. இந்த முறை நான்கு நாள் முன்னதாக. கடைகள் மதியம் 2 வரை திறந்திருக்கும், வண்டியை எடுக்காமல் இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்துபோய் வாங்கிக்கொள்ளுங்கள், ஞாயிறு இரண்டும் மட்டும் முழுதாக மூடல், அரிசி அட்டைகளுக்கு மறுபடி 1,000 ரூபாய். ஏப்ரல் 25-ஐப் போன்ற பதற்றம் கடைகளில் இல்லை. பொருள் கிடைக்கும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அந்த நான்கு நாளும் ஜிஎஸ்டி சாலையில் ஊருக்குப் போகும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சாமான் வாங்குவதைப் பற்றி யோசித்த அறிக்கை, வேலை இல்லாமல் வாடகை வீட்டில் பன்னிரண்டு நாள் எப்படி இருப்பது என்று கேட்டவருக்குப் பதில் வைத்திருக்கவில்லை.

அடுத்தது 2021 மே 22. அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் 24 முதல் ஒரு வாரம் தளர்வுகள் இல்லாத ஊரடங்கை அறிவித்தார். அன்று இரவு 9 வரையிலும், மறுநாள் ஞாயிறு காலை 6 முதல் இரவு 9 வரையிலும் எல்லாக் கடைகளும் திறக்கலாம், வெளியூர்ப் பேருந்துகளும் ஓடும் என்றார்கள். நேரத்தைக் கூட்டிக் கொடுத்தால் கூட்டம் சிதறும் என்பது எண்ணம். நாள் ஒன்றே முக்கால்தான், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் மறுபடி அதே கூட்டம், காய்கறி விலை அன்றைக்கே பல மடங்கு. இரண்டு அரசுகள், வேறு வேறு கட்சிகள், ஒரே மாதிரி இரண்டு நாட்கள். ஆகவே இதை ஒரு கட்சியின் குறையாகப் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. கோட்டையில் கோப்பு தயாராகும் மேசையில், இந்த அறிவிப்பைக் கேட்ட ஒரு வீடு நாளைக் காலையில் என்ன செய்யும் என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

24-ஆம் தேதிக்குப் பிறகு தோட்டக்கலைத் துறை ஏற்பாட்டில் காய்கறி வண்டிகள் தெருத்தெருவாக வந்தது உண்மை. எங்கள் பகுதிக்கும் வந்தது. தக்காளி, வெங்காயம், கீரை, எல்லாம் நியாய விலை. அந்த வண்டி வரும் என்று சனிக்கிழமையே நம்பும்படி யாராவது சொல்லியிருந்தால், ஞாயிறு அன்று பாதிப் பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

ஒரு நடிகரின் மரணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

கடைசியாகத் தடுப்பூசி. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமராக்கள் முன்னால் தடுப்பூசி போட்டுக்கொண்டார். பயம் தெளியட்டும் என்ற நல்லெண்ணம் அவருடையது. மறுநாள் மாரடைப்பு, 17 அதிகாலை மறைந்தார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று 16-ஆம் தேதியே மருத்துவர்களும் செயலாளரும் செய்தியாளர்களிடம் விளக்கினார்கள். வேகமாகவும் தெளிவாகவும் செய்தார்கள். ஆனாலும் ஊசி போடும் காட்சியும் இறுதி ஊர்வலக் காட்சியும் அடுத்தடுத்து ஓடும்போது விளக்கம் எங்கே நிற்கும்? தடுப்பூசி முகாம்களில் கூட்டம் குறைந்தது. தடுப்பூசி காரணமல்ல என்று, ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு எடுத்த முடிவு அக்டோபரில்தான் வெளிவந்தது. ஆறு மாதம் அந்தச் சந்தேகம் கிராமத்து டீக்கடைகளில் உயிரோடு இருந்தது. எங்கள் ஊரில் என் சித்தப்பா ஒருவர் செப்டம்பர் வரை போடவில்லை.

அவரைப் போட வைத்தது விஞ்ஞான விளக்கம் எதுவும் இல்லை. 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க 40,000 இடங்களில் மெகா தடுப்பூசி முகாம் நடந்தது. 20 லட்சம் பேருக்குப் போட நினைத்து, 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். சித்தப்பாவின் ஊரில் முகாம் நடந்தது தொடக்கப் பள்ளியில். ஓட்டுப் போடப் போகும் அதே பள்ளி. முதல் நாள் கிராம செவிலியர் வீடு வீடாக வந்து, நாளைக்குக் காலை ஏழு மணியிலிருந்து பள்ளிக்கூடத்தில், ஆதார் அட்டை எடுத்துட்டு வாங்க, கூட்டமா இருந்தா பதினோரு மணிக்கு மேல வாங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவர் நெஞ்சு வலிக்காதா என்று கேட்டதற்கு, சர்க்கரை மாத்திரை வாங்க மாசாமாசம் என்கிட்டதான வர்றீங்க, நான் போட்டு நாலு மாசமாச்சு என்றாராம். பதினொன்றரை மணிக்குச் சித்தப்பா போய்ப் போட்டுக்கொண்டு, சித்தியையும் கூட்டிப்போய்ப் போட வைத்துவிட்டு வந்தார்.